பாறைக்குப் போக மீதி

பத்திரத்தில் அரை கிரவுண்டு.
பாறைக்குப் போக மீதி எவ்வளவென்று
பத்திரம் சொல்லவில்லை.

திரிசூலம் மலையின் கடைசி விரல்
மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து வந்து
மெஹருன்னிசாவின் மனையில் முட்டி எழுந்திருந்தது,
படுத்த எருமையின் முதுகுபோல்
ஆள் உயரத்துக்கு.
அதனால்தான் பாதி விலை.
அதனால்தான் எனக்கு முன்பு வந்த இரண்டு பேர்
இப்போது போனை எடுப்பதில்லை.

பிரேக்கர் வண்டிக்கு மணிக்கு இவ்வளவென்று
தேவசகாயம் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்.
அரை மணி நேரம் இடித்ததில்
பாறையில் ஒரு வெள்ளைக் கீறல்.
பின்வீட்டுச் சமையலறைச் சுவரில்
மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புக் கீறல்.
அந்த வீட்டுக்காரர் கத்தியதில் பாதியை
தலைக்குமேல் இறங்கிய விமானம் தின்றுவிட்டது.
மீதிப் பாதியே போதுமாயிருந்தது.

நான் வரைந்திருந்தது நல்ல பிளான்தான்.
எல்லாம் நேர்கோடு. எல்லா மூலையும் தொண்ணூறு.
பாறை அதில் ஒரு தனி அடுக்கு;
கம்ப்யூட்டரில் ஒரு சொடுக்கில் மறைந்துவிடும்.

நாகல்கேணி ஷூ கம்பெனியில்
மேல்தோல் தைப்பவள் அவள்.
தாளை வெளிச்சத்தில் பிடித்து
வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"இது யார் காலுக்கு எடுத்த அளவு, சார்?"

செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்று
பழமொழியாகச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.
அவள் தொழிலாகக் கேட்டாள்.

மே மாதம் மத்தியானம்
உள்ளங்கையை வைத்தேன், உடனே எடுத்தேன்.
ராத்திரி பதினொரு மணிக்குத் திரும்பி வந்தால்
சோறு வடித்து முடித்த அடுப்பைப்போல்
இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.
பகலெல்லாம் வாங்கியதை
விடியும்வரை வட்டியோடு திருப்பித் தருகிற பாறை.
இதன் பக்கத்தில் படுக்கையறை வைத்தால்
இட்லிப் பானைக்குள் தூங்கலாம்.

நவம்பரில் மழை விட்டு மூன்று நாள்,
தெருவில் புழுதிகூடக் கிளம்பிவிட்டது.
பாறையின் வடக்குப் பிளவில் மட்டும்
நூல் கனத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.
மலையில் பெய்தது இப்போதுதான் வந்து சேர்கிறது.
இதை எந்தச் சுவரால் அடைப்பேன்?

இரும்பு டேப் அதன்மேல் படுக்க மறுத்தது.
மெஹருன்னிசா கைப்பையிலிருந்து
தையல் டேப்பை எடுத்து நீட்டினாள்.
இடுப்புச் சுற்றளவு எடுப்பதுபோல்
இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்தோம்.

வீடு இப்போது வளைந்துதான் போகிறது.
சமையலறைக்கு மூன்று படி ஏற வேண்டும்.
மாடிப்படியின் முதல் திருப்பம்
அந்த எருமை முதுகேதான்.
மேற்கே தளத்தை ஐந்தடி நீட்டியிருக்கிறேன்;
பத்து மணிக்குமேல் பாறைக்கு வெயில் கிடையாது.
பிளவிலிருந்து வாசல் கிணறுவரை
கைப்பிடி அகலத்தில் ஒரு வாய்க்கால்,
வருடத்தில் பதினைந்து நாள் வேலை செய்யும்.
சுவரும் பாறையும் தொட்டுக்கொள்ளாமல்
நடுவில் அரையடி.
சேர்த்துப் பூசினால் முதல் கோடையிலேயே சண்டை.

எல்லாம் சரியாகிவிட்டதென்று சொல்லமாட்டேன்.
இரண்டாவது படுக்கையறை போனது போனதுதான்.
கடன் கொடுக்கும் வங்கியிலிருந்து வந்தவர்
பாறையைக் குறைபாடு என்று எழுதிப் போனார்.
இக்பால் பாய் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.
கல்யாணத்தில் வந்த பீரோவுக்கு
இந்த வீட்டில் ஒரு நேர்ச்சுவர் உண்டா என்பது
அவருடைய ஒரே கேள்வி.
பதில் இன்னும் என்னிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை மேல்தளம் போட்டோம்.
சாரப் பலகைகளின் ஈர நிழலில்
நண்பகலில் பாறையைத் தொட்டேன்.
கை அங்கேயே இருந்தது.

வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்ததால்
பீரோ முன்கூட்டியே வந்துவிட்டது.
தார்ப்பாய் போர்த்தி, பாறையில் லேசாகச் சாய்ந்து,
கதவு தானாகத் திறந்து திறந்து மூடியது.
மெஹருன்னிசா குனிந்து
ஒரு கழிவுத் தோல் துண்டை
இரண்டாக மடித்துக் காலடியில் செருகினாள்.
ஆட்டிப் பார்த்தாள்.
இன்னொரு மடிப்பு மடித்தாள்.